கதவைத் தட்டிப் பார்

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் சுகம்தானே? அவளுடைய முதுகுவலி எப்படி இருக்கிறது? குனிந்து பெருக்குகிற வேலையை உன்னிடம் தள்ளிவிடச் சொல், தானாகக் குறையும். மாமாவுக்கு முட்டிவலி அப்படியேதான். ரொட்டிக்கடை அடுப்புக்கு முன்னால் விடியலிலிருந்து நின்றால் எங்கே குறைவது?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் நீ பேசுகிற அழகு எனக்குத் தெரியாதா? பட்டறையில் நின்றுகொண்டு எனக்குப் பாதி, எவனோ ஒரு கஸ்டமருக்குப் பாதி. "சரிக்கா, சரிக்கா" என்பாய், வைத்ததும் மறந்துவிடுவாய். எழுத்தில் இருந்தால் நாளைக்கு இல்லை என்று சொல்ல முடியாது. நீயும் எழுதித்தான் பதில் போட வேண்டும். போன் செய்தால் எடுக்கமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

விஷயம் வண்டிதான். ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தில் நான் ஓட ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வாரம் மூன்று நாள் வருகிறவர்களை வீட்டிலிருந்து ஏற்றி வந்து, முடிந்ததும் திரும்ப விடுகிற வேலை. போன மாதம் பின் சீட்டில் இருந்த ஒரு அம்மாள், வாந்தி வருகிறது நிறுத்து என்று இரண்டு தடவை சொன்னாராம். என் காதில் விழவில்லை. அவர் மகன் ஆஸ்பத்திரியில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டான். வண்டிப் பிரிவு மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு, "மூணு புகாருக்கு மேல ஒப்பந்தம் கிடையாதும்மா, பாத்துக்கோங்க" என்றார். நான் என்ன செய்வேன்? ஆஸ்பத்திரிக்குப் போகிற சிமெண்டு ரோட்டில் டயர் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் குண்டு வெடித்தால்கூடக் கேட்காது.

ஊரார் காருக்கெல்லாம் சத்தத்தை அடக்கிக் கொடுக்கிறாயே, அக்கா வண்டிக்கும் செய். சனிக்கிழமை கொண்டுவந்து விடுகிறேன். இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது என்பது உனக்குத் தெரியும்.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லையே?

ஆறு மணி நேரம் ஓட்டிவந்தவள் நான் சாப்பிடப் போன நேரம் பார்த்து வந்து, சீட்டுக் கவர் தைப்பவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறாய். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் குறைந்தா போயிருப்பாய்? உன் தம்பி முகம் அவ்வளவு கசந்துவிட்டதா?

சரி, வேலையைச் சொல்கிறேன். நான்கு கதவையும் டிக்கியையும் கழற்றி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ரப்பர் ஷீட் ஒட்டி, உருளையால் தேய்த்தேன். ஷீட்டின் மேல் இருக்கிற புள்ளிகள் மறையும்வரை தேய்க்க வேண்டும், இல்லையென்றால் வெயிலில் உரிந்துவிடும். அதற்கு மேல் நுரை. கதவுக்கு அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளை மட்டும் விட்டிருக்கிறேன், அங்கே எதையும் அடைத்துவிடாதே. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, சத்தம் அளக்கிற மீட்டர் வைத்துப் பார்த்தேன். முன்பு எழுபத்து நான்கு டெசிபல், இப்போது அறுபத்தொன்பது. ஐந்துதானா என்று உதட்டைப் பிதுக்காதே, காதுக்கு அது பெரிய வித்தியாசம்.

மீட்டரை நம்பவேண்டாம் என்றால் கதவைத் தட்டிப் பார். எங்கள் தொழிலில் அதுதான் பரீட்சை. வெறும் தகரத்தை விரல் முட்டியால் தட்டினால் டங்கென்று டப்பா மாதிரி கேட்கும். ஒட்டிய கதவு தொப்பென்று மரக்கதவு மாதிரி கேட்கும். தட்டிப் பார்த்து எழுது. சீட்டுக்காரரே வண்டியைக் கொண்டுவந்து விடுவார், கடிதம் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கும்.

உன் தம்பி


மார்ச் 23

தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். மாமாவுக்கு முட்டியில் கட்டுப் போட்டிருக்கிறது.

உன் வேலையைப் பற்றிச் சொல்லட்டுமா? சத்தம் குறையவில்லை, கூடியிருக்கிறது. முன்பாவது மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல், பழகிவிட்டது. இப்போது அதற்குள்ளிருந்து குக்கர் விசில் மாதிரி மெல்லிசாக ஒன்று கிளம்பி நிற்காமல் ஊதுகிறது. சிக்னலில் நின்றாலும் ஊதுகிறது. எதையோ கழற்றிவிட்டுச் சரியாக மாட்டாமல் விட்டிருக்கிறாய்.

போன வியாழக்கிழமை முன் சீட்டில் இருந்த பெரியவர் தன் வீட்டுத் தெரு வந்ததும் திரும்பச் சொல்லியிருக்கிறார். நான் நேராகப் போய்விட்டேன். "கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறா, அவ்வளவு திமிரு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இது இரண்டாவது புகார். உன்னை நம்பி வண்டியைக் கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்த பட்டம், திமிர் பிடித்தவள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி விடுகிறேன். ஒழுங்காகச் செய். ஊரான் வண்டி என்று நினைத்தாவது செய்.

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். மாமா முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? நீ எப்படி இருக்கிறாய்?

நின்றுகொண்டிருக்கிற வண்டியில் ரோட்டுச் சத்தம் எப்படி வரும் என்று மூன்று நாள் யோசித்தேன். ஃபேன் பெல்ட்டைப் பார்த்தேன், ஏ.சி.யைப் பார்த்தேன், கண்ணாடி ரப்பரைப் பார்த்தேன். மூன்று பேர் மாறி மாறி உட்கார்ந்து கேட்டோம். எந்த விசிலும் இல்லை. "உங்க அக்கா வண்டியில விசிலடிக்கிறது வண்டி இல்ல, வேற யாரோ" என்று சீட்டுக்காரர் கேலி பேசுகிறார். பட்டறையில் எல்லோரும் என்னை மீட்டர் மீட்டர் என்று கூப்பிட்டுச் சிரிப்பது போதாதென்று இது வேறு.

ஆனாலும் செய்திருக்கிறேன். சீட்டு, கார்பெட் எல்லாவற்றையும் தூக்கிவிட்டுத் தரை முழுக்க, டயருக்கு மேலே இருக்கிற வளைவு முழுக்க, கூரை முழுக்க ஒட்டினேன். கதவு விளிம்பு ரப்பர் பீடிங் நான்கும் புதுசு. வண்டி முப்பது கிலோ கூடியிருக்கிறது. எண்பதில் இப்போது அறுபத்தாறு. இதைவிட அமைதி வேண்டுமென்றால் வண்டியை வீட்டுக்குள் நிறுத்திவைத்து உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.

போன தடவை தட்டிப் பார்த்தாயா இல்லையா என்று எழுதவில்லை. இந்தத் தடவை தட்டு. தட்டிவிட்டு எழுது.

உன் தம்பி


மே 10

மீட்டர் துரைக்கு,

சுகமா? தொழில் சுகமாக நடக்கும். ஏமாந்தவர்கள் இருக்கும்வரை நடக்கும்.

நீ ஒட்ட ஒட்டச் சத்தம் கூடுகிறது. ரோட்டுச் சத்தமாவது ரோட்டோடு போகும், இது என்னோடேயே வருகிறது. நேற்றெல்லாம் தலைக்குள் ஆணி அடித்த மாதிரி இருந்தது. ஒரு ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கி உட்கார்ந்திருந்தேன். லாரி போகும்போதுதான் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்றால் பார்த்துக்கொள், உன் வேலையின் லட்சணத்தை!

எங்கள் வண்டி ஸ்டாண்டில் நாலு டிரைவர்கள் கேட்டார்கள். "என்ன, தம்பிகிட்ட குடுத்து வேலை செஞ்சீங்களாமே, எப்படி?" என்று. நான் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. கூடப் பிறந்தவளையே மொட்டை அடித்தவன், உங்களை விட்டுவைப்பானா என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேர் உன்னிடம் வண்டி விடுவதாக இருந்தார்களாம், இனி வரமாட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

மாமா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

அக்கா


மே 28

அக்காவுக்கு,

இங்கே யாரும் சுகமாக இல்லை. போதுமா?

இரண்டு பேர் இல்லை, ஐந்து பேர். தேதி வாங்கி வைத்திருந்த ஐந்து பேர் வரவில்லை. கடைசி ஆள் என் முகத்துக்கு நேராகவே கேட்டான். "சொந்த அக்காவே காறித் துப்புறாங்களாமே, நான் எப்படிங்க நம்புறது?" பதினோரு வருடம் இந்தக் கையால் ஷீட் வெட்டி வெட்டி விரல் தோல் உரிந்து சேர்த்த பெயர். ஸ்டாண்டில் நின்று ஒரே நாளில் அதைக் குப்பையில் கொட்டிவிட்டாய். எவனோ சொல்லியிருந்தால் போடா என்று விட்டிருப்பேன். நீ சொன்னாய்!

உனக்கு என்னதான் வேண்டும்? நான் நன்றாக இருப்பது உனக்குப் பொறுக்கவில்லையா? சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். நான் எதைச் செய்து கொண்டுவந்து காட்டினாலும் ஒரு பார்வை பார்ப்பாய், அவ்வளவுதான்.

நான் அங்கே வருகிறேன். உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறேன். அந்த விசில் எங்கிருந்து வருகிறது என்று நீ கை காட்டு, நான் அந்த இடத்தைக் கிழித்துப் பார்க்கிறேன். அப்படி ஒன்று இருந்தால் பட்டறையை மூடிவிடுகிறேன். இல்லையென்றால் ஸ்டாண்டில் அதே இடத்தில் நின்று நீ சொன்னதைத் திருப்பி வாங்க வேண்டும்.

இரண்டு கடிதத்தில் கேட்டுவிட்டேன், பதில் இல்லை. மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். கதவைத் தட்டினாயா?

தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

உன் மனைவிக்கு என் விசாரிப்பு.

நீ வரவேண்டாம். என் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து வரவேண்டாம். எனக்குப் பரீட்சை வைக்க நீ யார்? இந்தக் கடிதத்தை உள்ளே வைத்து, வண்டியை நாளைக் காலையில் உன் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டுப் போவேன். முடிந்தால் சரி செய். முடியாவிட்டால் முடியவில்லை என்று ஆண்பிள்ளையாக ஒரு வரி எழுது. கதவு, தட்டு, மீட்டர் என்று கதை அளக்காதே.

அக்கா


ஜூன் 30

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். முட்டிவலி தேவலையா? கடிதத்தை ரொட்டிக்கடை முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு வந்தால் அக்கா பிரித்துவிடுவாள்.

நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். நல்ல காரியம் என்று சொல்லமாட்டேன். அவள் வண்டியில் நான் ஒட்டிய எல்லாவற்றையும் உரித்துவிட்டேன். ஒட்டுவதைவிட உரிப்பதுதான் பெரிய பாடு. ஹீட் கன் வைத்துச் சூடாக்கி, தகடு வைத்துச் சுரண்டி, பிசின் போக மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, நான்கு நாள் ஆனது. கோபத்தில் செய்ததால் அலுப்புத் தெரியவில்லை. கம்பெனியில் போட்டு அனுப்பிய நுரையைக்கூட விடவில்லை. இப்போது அது வெறும் தகர டப்பா. மீட்டர் எழுபத்தெட்டு காட்டுகிறது.

டேஷ்போர்டு பெட்டியில், "கண்ணுக்குத் தெரியாத புது சாமான் போட்டிருக்கிறேன், ஓட்டிப் பார்த்து எழுது" என்று ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். சிமெண்டு ரோட்டில் ஏறிய முதல் நிமிடமே காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். கத்தட்டும். அப்போதுதான் நான் முன்னால் செய்து கொடுத்தது என்னவென்று அவளுக்கு உறைக்கும். பத்து நாள் போதும், பிறகு நானே அங்கு வந்து எல்லாவற்றையும் ஒட்டித் தருகிறேன். அதுவரை நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். எனக்காக இந்த ஒன்று.

உங்கள் மைத்துனன்


ஜூலை 19

என் அருமைத் தம்பிக்கு,

எல்லோரும் நன்றாக இருக்கிறீர்களா? உன் மனைவியை ஒரு வாரம் இங்கே அனுப்பு, ஓய்வெடுக்கட்டும். மாமா இரண்டு வாரமாக என்னைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். என்ன விஷயம் என்றால் ஒன்றுமில்லை என்கிறார்.

உடனே எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. நம்பிக்கை வரவில்லை. ஒரு நாள் ஓட்டினேன், மறுநாள் ஓட்டினேன், இது நிலைக்குமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நிலைக்கிறது, தம்பி. அந்த விசில் போய்விட்டது. வண்டியில் ஏறிக் கிளம்பி நாலாவது கியர் போட்டதும் அப்படியே அடங்கிவிடுகிறது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக நேற்று ஓட்டும்போது வாய்க்குள் பாடிக்கொண்டு போனேன்.

என்ன சாமான் அது? எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். முன்னால் பேசியதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது, உனக்குத் தெரியாததா? நான் எதையெதையோ நினைத்துப் பயந்துபோயிருந்தேன். ஒன்றும் இல்லை, வண்டிதான். வண்டிதான் என்று நீ நிரூபித்துவிட்டாய்.

மனம் நிறைந்த அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள்.

நீ அவளுக்கு வைத்த வேடிக்கையை நானும் பத்து நாள் ரசித்தேன். அவள் கத்தவில்லை. ஒருவேளை உன்னிடம் தோற்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறாள் என்று நினைத்தேன். வீட்டில் நான் ஏதாவது கேட்டால் பாதி நேரம் பதில் வராது. அதுவும் எனக்குப் புதிது இல்லை. இருபது வருடமாகக் கோபம் வந்தால் அவள் பேசமாட்டாள். கோபமாக இருக்கிறாள் என்று நானும் பேசாமல் இருந்துவிடுவேன். எங்கள் குடித்தனம் அப்படியே ஓடிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரையும் அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். பின் சீட்டில் அவருக்கு மயக்கம் வந்து தலை சாய்ந்துவிட்டது. அந்த அம்மாள் நிறுத்து நிறுத்து என்று கத்தியிருக்கிறார். நீ உரித்த வண்டியின் இரைச்சலுக்கு மேல் கத்தியிருக்கிறார். இவள் பாடிக்கொண்டே ஓட்டியிருக்கிறாள், மாப்பிள்ளை. இரண்டு கிலோமீட்டர். கடைசியில் அந்த அம்மாள் முன்னால் எட்டி இவள் தோளைப் பிடித்துக் கிள்ளியபிறகுதான் நிறுத்தினாள். ஆள் பிழைத்துக்கொண்டார். ஒரு வாரம் படுக்கை என்றார்கள். ஒப்பந்தம் அன்று மாலையே போய்விட்டது.

மறுநாள் நானே அவள் பக்கத்தில் உட்கார்ந்து வண்டியை எடுக்கச் சொன்னேன். சிமெண்டு ரோட்டில் என்னால் ஐந்து நிமிடம் இருக்க முடியவில்லை, பல் கூசியது. நான் கத்தினேன். அவள் ரோட்டைப் பார்த்துச் சிரித்தபடி, "எவ்ளோ அமைதியா இருக்கு பாத்தீங்களா?" என்றாள். அப்படியே கை காட்டி வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். வலது காது பாதிக்கு மேல் போய்விட்டதாம், இடதும் குறைந்துகொண்டு வருகிறதாம். அந்த விசில் காதுக்குள்ளேயே இருக்கிறது, வெளியே அமைதியானால் அது பெரிதாகக் கேட்கும், வெளியே இரைச்சல் இருந்தால் அமுங்கிவிடும் என்றார். நீ ஒட்டியதெல்லாம் அவளுக்கு அதைக் கூட்டியிருக்கிறது. நீ உரித்தது குறைத்திருக்கிறது. வண்டியை நீ உரித்ததை நான் அங்கேயே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது தப்பு. நீ மூடச் சொன்னதும் தப்பு.

மாமா


ஆகஸ்ட் 20

அக்கா,

சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

என்மேல் நீ எவ்வளவு கோபப்பட்டாலும் தகும். அந்த இரண்டு கிலோமீட்டரில் பாதி என்னுடையது. பத்து நாளில் வந்து ஒட்டித் தருகிறேன் என்று மாமாவிடம் சொன்னவன், உன் ஜூலைக் கடிதத்தைக் கேலி என்று நினைத்து வீம்பில் வராமல் இருந்துவிட்டேன். நான் உரிக்காமல் இருந்திருந்தால் அந்த அம்மாளின் குரல் உனக்கு ஒருவேளை கேட்டிருக்கும். எனக்குக் கிடைத்த ஐந்து ஆட்கள் போனதற்காக எவரோ ஒருவர் உயிரோடு விளையாடியிருக்கிறேன். மீட்டரைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது, சுவரில் எறிந்துவிட்டேன்.

ஆனால் என் கோபமும் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு எப்போது தெரியும்? உண்மையைச் சொல். போன் எடுக்கமாட்டேன் என்றாய். நான் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து வண்டியை விட்டாய். பக்கத்தில் யாரும் உட்காரக்கூடாது என்றாய். தெரியாதவள் இதையெல்லாம் செய்யமாட்டாள். தெரிந்துகொண்டே நோயாளிகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓட்டினாயா? தெரிந்துகொண்டே என்னை ஊர் முன்னால் திருடன் ஆக்கினாயா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அக்கா? நான் என்ன மேற்பார்வையாளரா?

வண்டியைக் கொடுத்தனுப்பு. ஒட்டித் தருகிறேன். இல்லை, ஒட்டக்கூடாது என்றால் ஒட்டவில்லை. என்ன செய்வதென்றே தெரியவில்லை.

தம்பி


அக்டோபர் 4

தம்பிக்கு,

உன் மனைவியின் முதுகு தேவலை என்று மாமா சொன்னார். சந்தோஷம். மாமா முட்டிக் கட்டைப் பிரித்துவிட்டார்.

ஆறு வாரம் எழுதாததற்குக் காரணம் கோபம். இப்போதும் கோபம்தான். ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன், ஆறுவதாகத் தெரியவில்லை. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

எப்போது தெரியும் என்று கேட்டாய். போன் சரியாகக் கேட்கவில்லை என்று இரண்டு வருடமாகத் தெரியும். அது போனின் கோளாறு என்று வைத்துக்கொண்டேன். விசிலை வண்டி என்று உண்மையாகவே நம்பினேன். உன்னைத் திட்டி எழுதிய முதல் இரண்டு கடிதமும் உண்மையான கோபம். மே மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, வீடே அடங்கியது. விசில் மட்டும் நிற்கவில்லை. வண்டி தெருவில் பூட்டி நின்றது. அப்போது தெரிந்துவிட்டது. உன் கடிதம் வந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன் என்று எழுதியிருந்தாய். உன்னை ஆண்பிள்ளையாக எழுது என்று அதட்டியது பயத்தில்.

அதன்பிறகு உன்னிடம் வண்டி இருந்த நாட்கள் போக ஐம்பது நாள் அவர்களை ஏற்றிக்கொண்டு ஓட்டினேன். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும், ஆனால் உனக்கு இல்லை. மயக்கம் வந்தவர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் என்னை வாசலிலேயே நிற்க வைத்து அரை மணி நேரம் திட்டினார். வாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பாதிதான் விளங்கியது. பாதி போதுமானதாக இருந்தது.

இப்போது நீ செய்ததற்கு வருகிறேன். உரித்ததற்காக உன்னை மன்னித்துவிடுவேன். பெட்டியில் நீ எழுதி வைத்த அந்தச் சீட்டுக்காக முடியாது. புது சாமான் என்று எழுதினாய். ஐந்து வாரம் எனக்குக் காது சரியாகிவிட்டது என்று நம்பினேன், தெரியுமா? வண்டியிலிருந்து இறங்கியதும் விசில் திரும்ப வரும். வண்டியில் சரியானது வீட்டிலும் சரியாகும், கொஞ்சம் பொறு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உனக்கு அன்பாக ஒரு கடிதம் வேறு எழுதினேன். அதைத் திருப்பி அனுப்பு. உன்னிடம் அது இருப்பதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கதவைத் தட்டினாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். தட்டினேனடா. முதல் தடவை வண்டி வந்த அன்றே தட்டினேன். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு கதவையும் சுற்றிச் சுற்றி வந்து தட்டினேன். பக்கத்து வீட்டு இரும்புக் கதவைத் தட்டினேன். எங்கள் மரக்கதவைத் தட்டினேன். எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. விரல் முட்டி வீங்கியதுதான் மிச்சம். அதை எப்படி எழுதச் சொல்கிறாய்?

காது சோதிக்க ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்தார்கள். கதவு நாலு விரல் கனம். சுவரெல்லாம் நுரை, விளிம்பில் ரப்பர் பீடிங். உன் வேலை மாதிரியே இருந்தது, இன்னும் கொஞ்சம் அசிங்கமாக. கதவைச் சாத்தினார்கள். உலகத்தில் ஒரு சத்தம் இல்லை, எனக்குள் மட்டும் அது ரயில் மாதிரி ஓடியது. அங்கே உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன், நீ செய்து கொடுத்தது இரண்டு தடவையும் சரியான வேலை என்று. வெளியே வந்ததும் டாக்டருக்கு முன்னால் அழுதேன். காதுக்காக அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

போன திங்கட்கிழமை ஸ்டாண்டுக்குப் போனேன். எல்லா டிரைவர்களும் இருக்கிற நேரம் பார்த்துப் போனேன். "என் தம்பி வேலை சுத்தம். குறை அவன் ஒட்டினதுல இல்ல. எனக்குத்தான் காது கேக்கல" என்று சொன்னேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை, ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உன் ஐந்து பேரில் மூன்று பேர் அங்கே இருந்தார்கள். இனி எந்த ஸ்டாண்டிலும் என்னை நம்பி யாரும் ஆள் ஏற்றமாட்டார்கள். சொல்லும்போதே அது தெரியும்.

காதுக்குக் கருவி போட்டிருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஆள் ஏற்றாமல் ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மாமா கடை ரொட்டியைக் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுகிறேன். ரொட்டி பின்னாலிருந்து கூப்பிடாது. வண்டியில் நீ கை வைக்காதே, தகரமாகவே இருக்கட்டும். அதன் இரைச்சலில்தான் எனக்குக் கொஞ்ச நேரம் நிம்மதி. பக்கத்து சீட்டில் நீ வந்து உட்காரலாம். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வா.

முதல் இரண்டு கடிதத்திலும் என் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாய். ஒன்றுக்குக்கூட நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நன்றாக இல்லை, தம்பி. இடது காதிலும் இன்னும் எவ்வளவு நாள் இருக்கும் என்று தெரியாதாம். உன் குரல் போனில் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துகொண்டு வருகிறது. அதனால் போன் செய்து மன்னிப்புக் கேட்காதே, அது வீண். உனக்கு என்மேல் இன்னும் கோபம் இருக்கும், இருக்க வேண்டும். அதை எழுதி அனுப்பு. நீ திட்டுவதை ஒரு வார்த்தை விடாமல் கேட்க வேண்டும்.

அக்கா